சின்ன ஆணியும் ஒரு குழாயும்

உப்புவெளியில் படச்சட்டம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எனக்குப் பார்வை இல்லை. பெரிய ஆணி அடிப்பேன். முக்கால் அங்குல ஆணி என்றால் ஒன்றில் ஆணி வளைகிறது, இல்லாவிட்டால் விரல் நசுங்குகிறது. என்ன கருவி வாங்கலாம்?”

பெரிய ஆணியைப் பிடித்திருக்கும் விரலே சுத்தியலுக்கு வழி காட்டும். சின்ன ஆணியில் விரலுக்கு இடமில்லை. அட்டைத் துண்டில் குத்தியோ குறட்டால் கவ்வியோ பிடிக்கலாம். விரல் தப்பும், ஆணி தப்பாது. நான் சொல்வது ‘பிராட் புஷர்’. அதற்குச் சுத்தியலே வேண்டாம்.

ஒரு கைப்பிடி, அதிலிருந்து நீளும் குழாய், உள்ளே ஸ்பிரிங், நடுவில் காந்த நுனியுள்ள கம்பி. ஆணியைத் தலைப்பக்கமாகக் குழாய்க்குள் விட்டால் ‘டிக்’ என்று ஒட்டிக்கொள்ளும். குழாயின் வாயை மரத்தில் வைத்து அழுத்தினால், ஆணி இறங்க இறங்கக் குழாய் கைப்பிடிக்குள் பின்வாங்கும்.

அந்தக் குழாய்தான் எனக்குப் பெரிய அதிசயம். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மேசையில் ஊன்றி அழுத்துங்கள். உடனே பக்கவாட்டில் வளையும். பாதியாக முறித்து அழுத்தினால், வளைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். கால்வாசியாக முறித்தால் 16 மடங்கு. ஆணியும் அப்படித்தான், நீண்டு நிற்கும்போதுதான் வளையும். ஆனால் மரத்துக்கு வெளியே நிற்கும் பகுதி முழுவதும் குழாய்க்குள் இருப்பதால் அது சாய இடமே இல்லை. விசையை ஆணியின் நேர்கோட்டில் வைப்பதற்குத்தான் கண் தேவைப்பட்டது. இப்போது அதைக் குழாய் பார்த்துக்கொள்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் பத்து ஆணி இறக்கினேன், பத்தும் நேராக நின்றன.

இந்த வளைவுக் கணக்கை 1744-இல் வெளியிட்டவர் கணிதமேதை ஆய்லர். 1766-க்குப் பிறகு அவருக்கே ஏறக்குறைய முழுப் பார்வையும் போயிற்று. 1783-இல் இறக்கும்வரை தான் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்துக் கணிதம் செய்தார். பார்வை இல்லையென்றால் பிரம்பு பின்னத்தான் லாயக்கு என்று இன்னும் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இப்படியான கைக்கருவிகளை மேம்படுத்த நம் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் பணம் ஒதுக்கவேண்டும்.

சரி, முதிரை, பாலை போன்ற வைரமான மரத்தில் கையழுத்தம் போதாது. அதே அளவு ஆணி ஒன்றின் தலையை வெட்டி ட்ரில்லில் பூட்டி, முதலில் துளை போடுங்கள். பித்தளை ஆணி காந்தத்தில் ஒட்டாது, கவனம். கடைக்குப் போகும்போது உங்கள் ஆணியையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் தலை குழாய்க்குள் தடங்கலின்றிப் போகிறதா, கைப்பிடியை முழுதாக அழுத்தினால் கம்பியின் நுனி குழாய் வாய்வரை வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.