டேப் தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

போன மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணி. சிங்கப்பூர் ஊபியில் எங்கள் கட்டடத்தில் ஏசியை நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கத்து மேசைத் தம்பி எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே கோடு எழுதி அமைக்கும் சிப்) போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கம்ப்யூட்டர்ல ஓட்டின சிமுலேஷன் எல்லாம் பாஸ். போர்டுலதான் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்லயும் முதல் வேர்டு காணோம், கடைசி வேர்டு ரெண்டு தடவை வருது.”

இரண்டு மணி நேரம் தேடிய பிறகு கிடைத்தது. ‘இப்போது இருக்கும் டேட்டாவை எடுத்துக்கொள்’ என்று சொல்லி டேட்டாவோடு வரும் சிக்னலின் பெயர் ‘வேலிட்’. அதையே ஒரு கிளாக் (சர்க்யூட்டின் ஒரு துடிப்பு) தாமதப்படுத்தியது ‘வேலிட்_கியூ’. முதல் சில எழுத்துகளை அடித்ததும் எடிட்டரின் ஆட்டோகம்ப்ளீட் (மீதிப் பெயரைத் தானே நிரப்பும் வசதி) பட்டியலை நீட்டியிருக்கிறது. மேலே நின்ற ‘வேலிட்_கியூ’வுக்குத் தம்பி டேப் தட்டிவிட்டார். இரண்டும் ஒரு பிட், இரண்டும் முறையாக அறிவித்தவை. கம்பைலர் எதைக் குறை சொல்லும்? 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 10 நானோவினாடி பிசகு, அவ்வளவுதான். சிமுலேஷன் ஏன் பிடிக்கவில்லை என்றால், டெஸ்ட்பெஞ்ச் (சோதனை டேட்டா அனுப்பும் கோடு) ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கிளாக் தள்ளிப் படித்தாலும் அதே எண்தானே. அந்த டெஸ்ட்பெஞ்சை எழுதியவன் நான்.

நாங்கள் சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக்கில் இன்னொரு வம்பும் உண்டு. மாட்யூலை (சர்க்யூட்டின் ஒரு பகுதியை) இணைக்கும்போது அதன் போர்ட்டில் (இணைப்பு முனையில்) அறிவிக்காத பெயரைக் கொடுத்தால், வெரிலாக் தானாகவே ஒரு பிட் வயரை உருவாக்கிக்கொள்ளும். 32 பிட் பஸ் (32 கம்பிகளின் கட்டு) போக வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கம்பி. வார்னிங் வரும், நூறு வார்னிங்குக்கு நடுவில் அதை யார் படிக்கிறார்கள்? ஃபைலில் இருக்கிற சொற்களை மட்டும் பொறுக்கித் தரும் எடிட்டர் என்றால் இன்னும் மோசம். ஒரு முறை தப்பாக அடித்த பெயர் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த முறை தானே வந்து நிற்கும். ஃபைலின் தலையில் ‘டிஃபால்ட்_நெட்டைப் நன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் இது எரர் ஆகிவிடும். ஃபைல் முடியும் இடத்தில் மறுபடி ‘வயர்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கம்பைல் ஆகும் அடுத்தவர் கோடும் சேர்ந்து அடிபடும். விஎச்டிஎல் என்ற இன்னொரு மொழியில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அறிவிக்காமல் அங்கே எதுவும் நடக்காது.

ஆட்டோகம்ப்ளீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈமேக்ஸ் எடிட்டரின் வெரிலாக்-மோடில் இருக்கும் ‘ஆட்டோஇன்ஸ்ட்’ மாட்யூலின் போர்ட்டுகளைப் படித்துவிட்டுப் பட்டியல் போடுகிறது, அதை நான் தாராளமாக நம்புவேன். முழு ‘ஆல்வேஸ்’ பிளாக்கையே (சர்க்யூட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் பகுதியையே) எழுதித் தரும் ஏஐயிடம் அந்தத் தாராளம் கிடையாது. கிளாக் இல்லாத பிளாக்கில் கேஸின் ஒரு கிளையை அது விட்டுவிட்டால் லாட்ச் (பழைய மதிப்பைப் பிடித்துவைக்கும், நாம் கேட்காத நினைவகம்) உட்கார்ந்துவிடும். லின்ட் (கோடில் சந்தேகமான இடங்களைக் காட்டும் கருவி) ஓட்டாமல் அதைச் சேர்க்க விடமாட்டேன்.

தாமதப்படுத்திய சிக்னலின் ‘கியூ’ அடையாளத்தைப் பெயரின் முன்னால் வைக்கலாம் என்றேன், பட்டியலில் இரண்டும் ஒட்டி நிற்காதே. வேவ்ஃபார்மில் (சிக்னல்கள் நேரப்படி மாறுவதைக் காட்டும் படத்தில்) தேடுவது சிரமம் என்று டீமில் பாதிப் பேர் முனகுகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. டெஸ்ட்பெஞ்சை மட்டும் மறுநாள் காலையிலேயே மாற்றிவிட்டேன்: இப்போது ஒவ்வொரு வேர்டும் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போகிறது.