காயம் தோலில், குழாய் ஏன் குடலுக்கு?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய சித்தப்பா கல்யாண வீடுகளில் பலகாரம் சுடுபவர். போன மாதம் மணகோலம் பொரித்துக்கொண்டிருந்தபோது கோட்டை அடுப்பில் இருந்த எண்ணெய்ச் சட்டி சரிந்து இரண்டு கால்களும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு, பால் போல ஒன்றை இரைப்பைக்குள் இறக்க ஆரம்பித்தார்களாம். வெளியே நின்ற உறவுக்காரர்களுக்கு வருத்தம். "வெந்தது காலு, வயித்துக்கு என்னத்தை ஊத்துறாக?" வாசகியின் கேள்வியும் அதுதான். காயம் தோலில்தானே, குடலுக்கு என்ன வந்தது?

நிறைய வந்தது. ஒரு முழுக்கால் என்பது பெரியவர்களின் உடம்புத் தோலில் சுமார் 18 சதவீதம். இரண்டு கால் என்றால் 36. 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே அது தோலோடு நிற்கிற காயம் இல்லை. உடம்பு முழுக்க உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும், ரத்தத்தின் நீர் வெளியே இறங்கும், ரத்த அழுத்தம் விழும். மிச்சமிருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் வைத்துக்கொள்வதற்காக உடம்பு குடலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் பிளிசார்ட் கர்லிங் 1842லேயே, தீக்காயம் பட்டவர்களின் சிறுகுடல் தொடக்கத்தில் புண் உண்டாவதை எழுதி வைத்தார். இன்றும் அதற்குக் கர்லிங் புண் என்றே பெயர். அவர் கண்ணால் பார்த்தது புண்ணை மட்டும்தான். அதற்கும் கீழே, பெருங்குடலில் நடப்பது இன்னும் பெரிய கதை.

அதைச் சொல்ல நம் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, வளவுக்கு நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றம் வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் மழையும் வெயிலும் அதில் விழும். அங்கே நிற்பவர் உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? குடலின் உட்புறமும் அந்த முற்றம்தான். வாயிலிருந்து ஆசனவாய் வரை போகும் அந்தக் குழாயின் வெற்றிடம் உடம்புக்கு நடுவே இருந்தாலும் கணக்குப்படி வெளியுலகம். அங்கே வசிக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவர்களுக்கும் நம் ரத்தத்துக்கும் இடையே இருப்பது ஒற்றை அடுக்குச் செல்கள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே புரதத் தாழ்ப்பாள்கள், மேலே சளிப்படலம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

பெருங்குடல் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம், அதில் ஆக்சிஜன் தாராளம். இந்தப் பக்கம் முற்றத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. ஒரு செல் கனமுள்ள சுவரைத் தாண்டி ஆக்சிஜன் ஏன் கசியவில்லை? தாழ்ப்பாள் போட்டு அதை நிறுத்த முடியாது. ஆக்சிஜன் செல்சவ்வுக்குள் சுலபமாகப் புகுந்து போகிற பொருள். அப்படியானால் தடுப்பது எது?

எரிப்பதுதான் தடுக்கிறது. சுவர்ச் செல்கள் தங்களுக்கு வந்து சேரும் ஆக்சிஜனைப் பயன்படுத்தி இடைவிடாமல் எரிபொருளை எரிக்கின்றன. முற்றத்தை எட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. எரிபொருள் எது தெரியுமா? பியூட்டிரேட் என்கிற சின்னக் கொழுப்பு அமிலம். வெண்ணெய் காறிப்போனால் ஒரு வாடை வருமே, அந்த வாடைக்குரிய அமிலத்தின் வடிவம்தான் இது. பெருங்குடல் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்தே கிடைக்கிறது. இதைச் செய்து தருபவை நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காற்றில்லாமல் மட்டுமே பிழைக்கத் தெரிந்த குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரருக்கு விறகு கொடுக்கிறார்கள். அந்த விறகு எரிவதால்தான் காற்று அவர்கள் பக்கம் வராமல் இருக்கிறது. அடுப்பு எரியும்வரை அவர்கள் இருப்பார்கள், அவர்கள் இருக்கும்வரை அடுப்பு எரியும். இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை நாள் சோறு தின்றிருக்கிறோம், இப்படி ஓர் ஏற்பாட்டை நம்பித்தான் தின்றோம் என்று தெரியாமலே!

சரி, எண்ணெய் கொட்டிய உடம்புக்கு வருவோம். குடலுக்கு ரத்தம் குறைகிறது. வாய்வழிச் சாப்பாடு நின்றால் நார்ச்சத்தும் நிற்கிறது. கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் நல்லவர்களையும் சேர்த்தே அழிக்கிறது. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் குடல் அசைவை மந்தமாக்குகிறது. விறகு வரத்து குறைந்தால் அடுப்பு தணியும், ஆக்சிஜன் முற்றத்துக்குள் கசியும். அழற்சி கண்ட குடல்சுவர் நைட்ரேட்டையும் வெளிவிடுகிறது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா அடங்கிய பாக்டீரியாக் குடும்பத்துக்கு இது விருந்து. சாதாரண நாளில் ஓரமாக ஒதுங்கி இருப்பவை அவை. ஆக்சிஜன் இருந்தால் அதைச் சுவாசிக்கும், இல்லாவிட்டால் நைட்ரேட்டைச் சுவாசிக்கும். எலிகளின் அழற்சிக் குடலில் நைட்ரேட்டால் ஈ. கோலை பெருகுவதை 2013ல் காட்டினார்கள். செல்களுக்கு நடுவிலுள்ள தாழ்ப்பாள்களும் அதே நேரத்தில் தளர்ந்துவிட்டால், பாக்டீரியாவோ அதன் நச்சோ சுவரைத் தாண்டி உள்ளே போகலாம். முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்தவர்களைக் கொல்வதில் ரத்தத்தில் பரவும் தொற்றுக்குத்தான் முதலிடம்.

சிகாகோவில் உள்ள லொயோலா பல்கலைக்கழகக் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக வெந்தவர்களின் குடல் பாக்டீரியாக்களில் இந்த ஈ. கோலை குடும்பம் மட்டும் சராசரியாக 32 சதவீதம். லேசான காயம் பட்டவர்களிடம் அரை சதவீதம்தான். ஆனால் கடுமையாக வெந்தவர்கள் என்று அந்த ஆய்வில் இருந்தவர்கள் நான்கே பேர்.

நான்கு பேர்! இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான தீக்காயம் படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த ஆய்வு நடக்க வேண்டிய இடம் நம் நாடு. பெரும்பாலும் அடுப்படியில் நிற்கும் பெண்களும், அந்தச் சித்தப்பா மாதிரி நெருப்போடு வேலை செய்பவர்களும் படுகிற காயம் என்பதால்தான் பணம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. திறந்தது 1953ல். அந்த மனது இந்த மண்ணில் இருந்திருக்கிறது. தீக்காய ஆய்வுக்கும் ஒரு கை அப்படி நீள வேண்டும்.

இனி குழாய். குடல்சுவர்ச் செல்களின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். புதிய செல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும், அவற்றுக்குத் தீனி வேண்டும். நரம்பு வழியாக ஏற்றும் சத்து ரத்தத்துக்குப் போகும், ஆனால் முற்றத்தின் பக்கம் எதுவும் வந்து சேராது. உணவு குடலுக்குள் இறங்கினால்தான் அங்கே ரத்த ஓட்டம் கூடும், சுவர் மெலியாமல் இருக்கும். அதனால்தான் முதல் 24 மணி நேரத்துக்குள், மணிக்கு 10, 20 மில்லி என்ற கணக்கிலாவது ஆரம்பிக்கிறார்கள். பெரிய தீக்காயத்தில் உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் வேகம் இரண்டு மடங்கு வரை போகும் என்பதால் அளவைச் சீக்கிரமே கூட்டவும் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவருக்குப் பத்தியம் வைக்க வேண்டாம் என்று வாசகியை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். "முட்டை குடுத்தா சீழ் வச்சிரும்" என்று எங்கள் அப்பத்தாவும் சொல்வார். சுட்ட இடத்தில் இட்லி மாவு அப்பியதும் அவரேதான். பாசத்தில் செய்தது, ஆனால் இரண்டும் தவறு. சுட்டவுடன் போட வேண்டியது குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். சீழ் வருவது கிருமியால், முட்டையால் இல்லை. முட்டையிலும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம்தான் புதுத்தோலாக வளர வேண்டும்.

அப்புறம், நல்ல பாக்டீரியா மாத்திரை வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறார். தீவிர சிகிச்சையில் இருக்கும்போது டாக்டர் சொல்லாமல் கூடாது. கடுமையான கணையஅழற்சி நோயாளிகளுக்கு நெதர்லாந்தில் இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008ல் முடிவு வந்தபோது, கொடுத்த பிரிவில் இறந்தவர்கள் 16 சதவீதம், கொடுக்காத பிரிவில் 6 சதவீதம். தாழ்ப்பாள் தளர்ந்த வீட்டுக்குள் நல்லவர்களைக் கூட்டமாக அனுப்புவதும் ஆபத்துதான். காயம் ஆறி, அவர் வழக்கம்போல உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியபின், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கீரை, வாழைப்பூ, அவரைக்காய், தவிடு நீங்காத கவுனி அரிசி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விறகு அங்கிருந்துதான் வரும்.