உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றினால் எத்தனை குதிரை இருந்தென்ன?

"டொயோட்டா ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டிலும் விலை குறைந்த பேஸ் வேரியன்ட்டை வைத்துப் பார்த்தால் எது லாபம்? குதிரைத்திறன் அதிகம் உள்ளதைத்தானே எடுக்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டும் பின்சக்கரங்களால் ஓடும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

எண்களை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்கச் சந்தை வண்டிகளையே எடுத்துக்கொள்கிறேன். ஜிஆர்86-இல் 2.4 லிட்டர் எஞ்சின், 228 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,275 கிலோ. எம்எக்ஸ்-5-இல் 2 லிட்டர் எஞ்சின், 181 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1,060 கிலோ. டன்னுக்கு இத்தனை என்று வகுத்தால் முன்னதற்கு 179, பின்னதற்கு 171. காகிதத்தில் 47 குதிரையாகத் தெரிந்த வித்தியாசம் எட்டாகச் சுருங்கிவிட்டது. 315 குதிரைத்திறன் உள்ள ஃபோர்டு மஸ்டாங் எகோபூஸ்ட்கூட 1,600 கிலோவைத் தாண்டுவதால் டன்னுக்கு 195 பக்கம்தான் வருகிறது. ஆக, குதிரைத்திறனை மட்டும் பார்த்து கார் வாங்குவதும் ஜாதகத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவதும் ஒன்றுதான்.

சரி, நேர்சாலைக்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை யாரும் நேர்சாலைக்காக வாங்குவதில்லை. வளைவில் நுழைந்து, பாதி திரும்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெளியே பாய்கிறோமே, அந்த இரண்டு விநாடிக்காகத்தான் வாங்குகிறோம். அந்த இரண்டு விநாடியும் பின் அச்சின் நடுவில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பெட்டியின் கையில் இருக்கிறது. அதன் பெயர் டிஃபரென்ஷியல்.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டம் அடித்து முடிக்கும்போது 9.4 மீட்டர். சின்ன வட்டமோ மைதானம் அளவுள்ள வட்டமோ, வித்தியாசம் அதேதான். (இரண்டு சுற்றளவுகளையும் கழித்துப் பாருங்கள், ஆரம் காணாமல் போய்விடும். பள்ளிக் கணக்கில் எனக்குப் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று.) இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் இறுக்கி மாட்டினால் ஏதோ ஒரு டயர் தரையில் இழுபட்டே ஆக வேண்டும். 1827-ஆம் ஆண்டு பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர் தன் நீராவி வண்டிக்காக டிஃபரென்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கியது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

இரண்டு அச்சுகளின் முனையிலும் ஆளுக்கொரு பல்சக்கரம். நடுவே, இரண்டையும் தொட்டபடி ஒரு சிறு பல்சக்கரம். எஞ்சின் தள்ளுவது இந்த நடுச்சக்கரத்தைத்தான். இதைத் தராசுக்கோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோலின் நடுவைப் பிடித்துத் தள்ளினால் இரண்டு முனைக்கும் சரிபாதி விசைதான் போகும். ஒரு முனை விலகிக்கொடுத்தால் கோல் அந்தப் பக்கம் சாயும், அவ்வளவுதான். ஒரு முனையை அதிகமாகவும் மறுமுனையைக் குறைவாகவும் தள்ள அதற்குத் தெரியாது. வேகம் எப்படி வேண்டுமானாலும் பிரியலாம், முறுக்குவிசை (சக்கரத்தைத் திருப்பும் விசை) மட்டும் எப்போதும் சமம். சாதாரண டிஃபரென்ஷியலின் அழகும் இதுதான், அழிவும் இதுதான்.

ஏன் அழிவு? வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. 1,100 கிலோ கார், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், பக்கவாட்டில் 0.9 ஜி (புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு) என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வெளிப்பக்க டயர்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 850 கிலோ தாங்குகின்றன, உள்பக்கத்துக்கு 250 கிலோதான் மிச்சம். அதில் பின் டயரின் பங்கு 125 கிலோ. தரையைப் பிடித்துத் தள்ள அந்த டயருக்கு அதற்கு மேல் வக்கில்லை. (பக்கவாட்டுப் பிடிமானத்துக்கே பாதி செலவாகிவிடுவதை இங்கே விட்டுவிடுகிறேன்.) பக்கத்திலேயே 425 கிலோ பாரத்தோடு வெளி டயர் 'கொடு, கொடு' என்று காத்திருக்கிறது. தராசுக்கோல் என்ன செய்யும்? இவனால் 125 தாங்க முடியும் என்றால் அவனுக்கும் 125தான். மீதி எஞ்சின் சக்தி உள்பக்கச் சக்கரத்தைச் சும்மா சுழற்றி ரப்பரைக் கருக்குகிறது.

இதை நானே அனுபவித்திருக்கிறேன். நண்பரிடம் கடன் வாங்கிய காரில், மழை விட்ட வளைவு ஒன்றில், உற்சாகமாக மிதித்தேன். எஞ்சின் அலறியது, கார் நகர மறுத்தது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்ததில் உற்சாகம் வடிந்துவிட்டது.

இதற்கு வைத்தியம்தான், ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். அதிலும் எனக்கு உயிர், டார்சன் என்ற வகை. வெர்னன் கிளீஸ்மேன் என்ற அமெரிக்கர் 1958-இல் காப்புரிமை பெற்ற யோசனை. சென்சார் கிடையாது, கணினி கிடையாது, முழுக்கப் பல்சக்கரங்கள்தான். இன்று அதிகம் புழங்கும் வடிவத்தில் பற்கள் திருகாணியைப் போலச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்ந்த பல்லைத் தள்ளினால் அது சுற்றுவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் நழுவப் பார்க்கும். நழுவி, பெட்டியின் சுவரில் போய் அழுந்தும். அழுந்தினால் உராய்வு.

இந்த உராய்வை யாரும் திருகி வைக்கவில்லை. எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அழுத்தம், அந்த அளவுக்கு உராய்வு. மெதுவாகத் திரும்பும்போது அது இருப்பதே தெரியாது. உள்சக்கரம் முந்திக்கொண்டு சுழலப் பார்க்கும் கணத்தில், உராய்வு அதைப் பிடித்து இழுத்து, பிடித்த விசையை மெதுவாகச் சுற்றும் வெளிச்சக்கரத்திடம் கொடுக்கிறது. சார்பு விகிதம் 2.5 என்றால், உள்சக்கரம் தாங்குவதைப் போல இரண்டரை மடங்கு வரை வெளிச்சக்கரத்துக்குப் போகலாம். நம் கணக்கில் 125-ம் 312-ம். மொத்தம் 250-ஆக இருந்த உந்துவிசை 437 ஆகிறது. எஞ்சினில் ஒரு குதிரையும் கூடவில்லை!

ஒரு பலவீனமும் உண்டு. உள்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால், பூஜ்யத்தின் இரண்டரை மடங்கும் பூஜ்யம்தான். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அப்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குப் பொய்யாக ஒரு சுமை கிடைக்கும், டார்சனும் ஏமாந்து மறுபக்கம் தள்ளத் தொடங்கும்.

   

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஜிஆர்86-இன் பேஸ் வேரியன்ட்டிலேயே டார்சன் உண்டு. எம்எக்ஸ்-5-இன் பேஸ் வேரியன்ட்டான 'ஸ்போர்ட்'டில் லிமிடெட் ஸ்லிப் கிடையாது. அது வேண்டுமென்றால் மேனுவல் கியருடன் 'கிளப்' வரை ஏற வேண்டும். பேஸில் உள்சக்கரம் சுழன்றால் டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்குவதைக் கண்டு தடுக்கும் மின்னணு ஏற்பாடு) அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்துச் சமாளிக்கும். வேலை நடக்கும், ஆனால் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு பிரேக் தட்டில் சூடாகிப் போகும்.

ஜிஆர்86-இன் பேஸுக்கும் அதற்கு மேலான பிரீமியத்துக்கும் 2022-இல் விலை வித்தியாசம் 2,600 டாலர். எஞ்சின் அதே, டிஃபரென்ஷியல் அதே. பிரீமியத்தில் 18 அங்குலச் சக்கரம், மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயர், சூடாகும் இருக்கை, கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர். பேஸில் 17 அங்குலச் சக்கரமும், சாதுவான மிஷலின் பிரைமஸி டயரும். டயர் எப்படியும் தேயப்போகிறது. தேய்ந்ததும் நல்லதாக மாட்டிக்கொள்ளலாம். டிஃபரென்ஷியலைப் பின்னால் மாற்றுவதென்றால் பின் அச்சைக் கழற்றி, பல்லுக்குப் பல் இடைவெளியை நூலிழை சுத்தமாக அளந்து பொருத்த வேண்டும். அதனால் பேஸுக்குள் பேஸ் என்றால் என் ஓட்டு ஜிஆர்86-க்கு. வளைவில் ஆவேசம் வேண்டாம், 200 கிலோ குறைந்த காரின் துள்ளல் போதும் என்பவருக்கு எம்எக்ஸ்-5 ஸ்போர்ட் குறையே வைக்காது.

பழைய கார் வாங்குவோருக்கு ஒன்று. பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் இல்லை என்பார்கள். கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் வகைக்கு அது சரி. டார்சனோ சுமை இல்லாதபோது சாதாரண டிஃபரென்ஷியல் மாதிரியே நடிக்கும், அதுவும் எதிர்த்திசையில்தான் சுற்றும். அந்தச் சோதனையை மட்டும் நம்பி நல்ல வண்டியைக் கைவிட்டுவிடாதீர்கள்.