மழைக்காட்டு விடுதியின் பின்கட்டு

மழைக்காட்டு விடுதி என்றதும் ஓலைக்கூரை, மரத்தில் தொங்கும் ஊஞ்சல், காலைப் பனிமூட்டம், ஜன்னலோரக் கிளையில் ஒரு பறவை என்றுதான் படங்கள் வரும். அந்த விடுதியால் காடு பிழைக்குமா தேயுமா என்பதற்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. கழிப்பறைத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, நடைபாதையில் சேறு தேங்குகிறதா, ராத்திரி எரியும் விளக்கு எந்த நிறம், வந்தவர்கள் பூட்ஸைக் கழுவினார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'சூழல் சுற்றுலா' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அது உண்மையா என்று பார்க்க, விடுதியின் பின்கட்டுக்குத்தான் போக வேண்டும்.

பாதிப்பே இல்லாமல் மனிதர்கள் காட்டுக்குள் தங்க முடியாது. அந்தப் பாதிப்பை முடிந்தவரை சின்ன இடத்துக்குள் அடைத்துவைப்பதுதான் நல்ல விடுதி செய்யும் வேலை. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது மண்ணைப் பார்த்தால் புரியும்.

மழைக்காட்டைப் பார்த்தால் மண்ணில் வளம் கொழிக்கிறது என்று தோன்றும். பல மழைக்காடுகளில் உண்மை நேர்மாறு. காலங்காலமாகப் பெய்த மழை, மண்ணில் இருந்த சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பதில் பெரும்பங்கு மரங்களின் உடம்பிலேயே இருக்கிறது. விழுந்த இலையை வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில மாதங்களில் மட்கவைத்துவிடும். மட்கியதை மழை அடித்துப்போவதற்குள் பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் உறிஞ்சி மறுபடி மரத்துக்கே அனுப்பிவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி நடப்பது தரையின் மேல் ஒரு சாண் ஆழத்துக்குள். நம் கால் அழுத்துவதும் அதே இடத்தைத்தான். மிதிபட்ட மண்ணில் காற்றுப் போகும் நுண்துளைகள் நசுங்கும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். வேர் மூச்சுமுட்டும்.

அப்படியானால் பயணிகளைப் பல பாதைகளில் பிரித்துவிட்டால் ஒவ்வொரு பாதைக்கும் சுமை குறையும் அல்லவா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது தவறு. நடப்பவர்களின் கால்பட்டுச் செடிகள் எவ்வளவு கெடுகின்றன என்று அமெரிக்க மலைப்பகுதிகளில் ஆய்வாளர் டேவிட் கோல் பல ஆண்டுகளாகச் செய்த மிதிப்பு ஆய்வுகளும், அதன்பின் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளும் ஒரே போக்கைக் காட்டின. தாவரங்களுக்கு ஏற்படும் சேதத்தில் பெரும்பகுதி முதலில் நடக்கும் கொஞ்சம் பேராலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை பேர் நடந்தாலும் சேதம் அதே வேகத்தில் கூடுவதில்லை. கெடவேண்டியது ஏற்கெனவே கெட்டுவிட்டது. எனவே பத்துப் பாதைகளில் நூறு நூறு பேர் நடப்பதைவிட, ஒரே பாதையில் ஆயிரம் பேர் நடப்பது காட்டுக்கு எவ்வளவோ மேல். ஆள் அதிகம் போகாத புதுத் தடத்தில் அழைத்துப்போகிறோம் என்று ஒரு விடுதி பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும்.

ஒரே பாதை என்று முடிவுசெய்தால் மட்டும் போதாது. பாதையில் ஓர் இடத்தில் சேறு தேங்கினால் முதலில் வருபவர் அதைச் சுற்றிப்போவார். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போவார். ஒரு மழைப்பருவத்துக்குள் ஓரடிப் பாதை நாலடியாகிவிடும். நடப்பவர்களைக் கண்டித்துப் பயனில்லை, தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். சரிவில் குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால், தாழ்வான இடத்தில் கால்கள் ஊன்றிய மரப்பலகை நடைமேடை, பலகைகளுக்கு நடுவே மழையும் கொஞ்சம் வெளிச்சமும் இறங்க இடைவெளி. இவ்வளவு செய்துவிட்டால் யாரும் ஓரம் ஒதுங்க மாட்டார்கள்.

மேலே மர விதானத்தில் நடக்கும் தொங்குபாலங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சூரிய ஒளியில் பெரும்பங்கு மேலடுக்கிலேயே நின்றுவிடுவதால், பூவும் காயும் பறவையும் குரங்கும் பெரும்பாலும் அங்கேதான். ஆப்பிரிக்க நாடான கானாவில் ககும் (Kakum) என்ற தேசியப் பூங்காவின் தொங்குபாலம் 1995 முதல் பயணிகளை அந்த உயரத்துக்குக் கொண்டுபோகிறது. பாலத்தை மரத்தில் எப்படிக் கட்டுவது? ஆணி அடித்தால் மரத்துக்கு வலிக்கும், கயிற்றை இறுக்கிச் சுற்றுவதுதான் மென்மையானது என்று நினைப்போம். ஆனால் இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாக. மரம் பருக்கப் பருக்க, இறுக்கிச் சுற்றிய கம்பி அந்த அடுக்கைச் சுற்றிலும் நெரிக்கும். வேர் பட்டினியில் சாகும். நடுத்தண்டில் ஊடுருவிப்போகும் ஒற்றை போல்ட்டோ ஒரு சிறு காயம்தான், மரம் அதைச் சுற்றித் தன்னை மூடிக்கொள்ளும். கம்பி சுற்றியே ஆக வேண்டும் என்றால் இடையில் மரக்கட்டைகளை வைத்து, மரம் பருக்கும்போது தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

இனி கழிவுநீர். என்னைக் கேட்டால் ஒரு விடுதியின் யோக்கியதை தெரிவது இங்கேதான். விருந்தாளிகளும் ஊழியர்களுமாக ஐம்பது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தினமும் 6,000 லிட்டர். மழைக்காட்டு ஓடைகள் நிழலில் ஓடுபவை. அவற்றில் இயல்பாகவே சத்து குறைவு, அந்தக் குறைவுக்கு ஏற்ற உயிர்கள்தான் அங்கே வாழ்கின்றன. அந்த ஓடையில் நம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்தால் பாசி பெருகும். கழிவைத் தின்னும் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். மீன் குஞ்சும் தலைப்பிரட்டையும் முதலில் போகும்.

செப்டிக் டேங்கில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் நடுவே வேலை செய்யும். மழைக்காட்டின் மாறாத வெப்பம் இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். குளிர்நாடுகளில் மந்தமாக நடப்பது இங்கே சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் டேங்கோடு நிறுத்திவிட்டால் வெளியே வரும் தண்ணீரில் அம்மோனியா அப்படியே இருக்கும். அதற்காகத்தான் அடுத்து ஒரு சரளைக்கல் படுகை. அதில் அந்தக் காட்டிலேயே வளரும் கோரை வகைகளை நடுவார்கள். இந்தச் செடிகள் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குகின்றன. வேரை ஒட்டிய அந்தச் சின்ன இடத்தில் ஆக்ஸிஜன் கிடைக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஓர் அங்குலம் தள்ளி, ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். கழிவாக வந்த நைட்ரஜனில் ஒரு பகுதி இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. மோட்டார் இல்லை, ரசாயனம் இல்லை, தண்ணீர் சரிவில் தானாக இறங்கினால் போதும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது சுலபம். சுத்தமாக இருக்கட்டும் என்று கழிப்பறையில் தினமும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டினால் டேங்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் சாகும். சமையலறைக் கொழுப்பைத் தனித் தொட்டியில் பிடிக்காவிட்டால் சரளைப் படுகை அடைத்துக்கொள்ளும். அறையில் வைக்கும் சோப்பு எது என்பதுகூட இதனால் ஓடையின் விஷயமாகிவிடுகிறது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சோலார் பேனல்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். மேகமும் மரநிழலும் உள்ள இடத்தில் அது கொஞ்சம் திணறும், வெயிலுக்காக மரத்தை வெட்டினால் அர்த்தமே இல்லை. கூரை அளவுக்கு ஏற்கெனவே திறந்த இடம் இருந்தால் நல்லது. பக்கத்தில் ஓடை சரிவாக இறங்கினால் இன்னும் நல்லது. நொடிக்கு 20 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 2 கிலோவாட் ஆற்றல். சிறு டர்பைனில் அறுபது சதவீதம் கைக்கு வந்தாலும் 1.2 கிலோவாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது ராத்திரியும் மழையிலும் நிற்காது, நாளுக்கு 28 யூனிட் தரும். விளக்கு, ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் போதும், ஏசிக்குப் போதாது. அதனால்தான் இத்தகைய விடுதிகளைத் தரையிலிருந்து தூக்கி, நாலாபுறமும் காற்றுப் போகும்படி, கண்ணாடிக்குப் பதில் வலை வைத்துக் கட்டுகிறார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் அதில் மோதிச் சாகும் பறவைகளும் தப்பும். ஒன்று மட்டும்: ஓடைத் தண்ணீர் முழுவதையும் குழாயில் திருப்பிவிடக் கூடாது, கோடையிலும் ஓடைக்கென்று ஒரு பங்கு விட வேண்டும்.

கிடைத்த மின்சாரத்தில் எரியும் விளக்குக்கு வருவோம். பூச்சிகள் விளக்கை ஏன் சுற்றுகின்றன என்பதற்கு நிலாவைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும், வெப்பத்தைத் தேடி வரும் என்றெல்லாம் வெகுகாலம் விளக்கம் சொல்லிவந்தார்கள். 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. ஆய்வுக்கூடத்திலும் கோஸ்டாரிகாவின் காட்டிலும் அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்துப் பார்த்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கிப் பாயவில்லை, விளக்குக்கு முதுகைக் காட்டின என்பது தெரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். வெளிச்சமான பக்கம் முதுகு இருந்தால் தலைகீழாகவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் பூச்சி அதுதான் மேல் என்று நம்பிச் சாய்ந்துகொண்டே பறக்கிறது, வட்டத்திலிருந்து வெளியே வர முடியவில்லை. விளக்குக்கு நேர் மேலே பறந்தால் புரண்டு கீழே விழுகிறது.

இதைத் தெரிந்துகொண்டபின் விடுதியின் விளக்குகளை அமைப்பது எளிது. மேலும் பக்கவாட்டிலும் மறைத்து, தரையை மட்டும் பார்க்கும் விளக்குகள், முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். பூச்சிகளின் கண் புற ஊதாவையும் நீலத்தையும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். ஆள் நடமாட்டம் முடிந்ததும் அணைத்துவிடுவது. சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு வெள்ளை டியூப்லைட் விடிய விடிய எரிந்தால் அடியில் காலையில் குவிந்திருக்கும் செத்த பூச்சிகளைப் பார்த்தாலே தெரியும், அன்றைக்கு எத்தனை பறவைக்கும் வௌவாலுக்கும் இரை குறைந்தது என்று.

பூட்ஸ் விஷயம் இதைவிடப் பயங்கரமானது. தவளைகளின் தோலைத் தாக்கும் கிட்ரிட் பூஞ்சை உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்களின் வீழ்ச்சிக்குக் காரணமாகியிருக்கிறது என்று 2019இல் ஒரு சர்வதேசக் குழு கணக்கிட்டது. கோஸ்டாரிகாவின் மான்டிவெர்டி மேகக்காட்டில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அதன் மறைவிலும் இந்தப் பூஞ்சைக்குப் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. இந்தப் பூஞ்சை ஈரச் சேற்றில் ஒட்டிப் பயணம் செய்யும், நன்றாகக் காய்ந்தால் சாகும். எனவே வாசலில் ஒரு பிரஷ், ஒரு வாளி, கிருமிநாசினித் தட்டு, காயவைக்க ஓர் அலமாரி. இவை இல்லாத விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

விலங்குகளைப் பார்ப்பதிலும் நெருக்கம்தான் ஆபத்து. மலை கொரில்லாக்களுக்கு நம் சளி தொற்றும் என்பதால் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் வழக்கமான சுற்றுலாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம்.

இயற்கைக் கல்வி மையங்களில் பெரும்பாலும் என்ன இருக்கும்? கண்ணாடிப் பெட்டிகள், பெயர்ப் பலகைகள், விலங்குகளின் படங்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாடம், அதை விருந்தாளி கண்ணில் படாமல் மறைத்துவைப்பது எவ்வளவு பெரிய வீண்! சரளைப் படுகைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் எடுத்து ஒரு பள்ளிப் பிள்ளையை அம்மோனியா சோதனை செய்யச் சொல்லுங்கள். பாதை நடுவிலும், பாதையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியும் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு விளக்கில் ஒரு வெள்ளைத் துணி, வெள்ளை விளக்கில் ஒரு துணி கட்டி, எதில் எத்தனை பூச்சி என்று எண்ணச் சொல்லுங்கள். வருடா வருடம் எண்ணினால் அது விடுதிக்கே ஓர் எச்சரிக்கை மணியாகவும் ஆகிவிடும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு கணக்கு உதைக்கும். கடல் கடந்து விமானத்தில் வந்துபோகும் ஒருவரின் கணக்கில் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு சேர்கிறது. சோலார் பேனலும் மூங்கில் உறிஞ்சுகுழலும் அதை ஈடுகட்டாது. ஈடுகட்டக்கூடியது ஒன்றுதான்: விடுதி இல்லாவிட்டால் வெட்டப்பட்டிருக்கும் காடு வெட்டப்படாமல் நிற்பது. ஒரு ஹெக்டேர் முதிர்ந்த மழைக்காட்டின் மரங்களில் நூறு டன்னுக்கு மேல் கார்பன் இருப்பது சாதாரணம். அப்படி அது நிற்குமா என்பது அந்தக் காட்டில் வாழும் மக்களின் கையில் இருக்கிறது.

பெருவின் தம்போபாத்தா ஆற்றோரம் உள்ள இன்ஃபியர்னோ சமூகம், ஒரு தனியார் சுற்றுலா நிறுவனத்தோடு 1996இல் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டு, போசாடா அமசோனாஸ் என்ற விடுதியை நடத்தத் தொடங்கியது. அந்த ஒப்பந்தப்படி லாபத்தில் 60 சதவீதம் சமூகத்துக்கு, 40 நிறுவனத்துக்கு. முடிவெடுப்பதில் மட்டும் சரிபாதி. மானுடவியலாளர் அமண்டா ஸ்ட்ரான்சா அங்கே நீண்டகாலம் ஆய்வு செய்தபோது, கைக்கு வந்த பணத்தின் விளைவு ஒரே மாதிரி இல்லை என்று கண்டார். விடுதியில் வேலை கிடைத்தவர்கள் வேட்டைக்கும் விவசாயத்துக்கும் குறைவான நேரமே செலவிட்டார்கள். அதே வருமானம் சிலருக்கு இன்னும் அதிகமாகச் செலவழிக்கவும் உற்பத்தியைப் பெருக்கவும் முதலாகவும் அமைந்தது. பணம் காட்டைக் காக்கவும் செய்யும், கரைக்கவும் செய்யும். நிர்வாகத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கக் கற்றுக்கொண்டதுதான் காட்டைக் காப்பதில் அந்த மக்களுக்குக் கூடுதல் பலம் தந்தது என்கிறது அவருடைய ஆய்வு. ஒப்பந்தத்தின் அறுபது சதவீதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ அந்தச் சரிபாதிதான் பெரிதாகத் தெரிகிறது.