பத்திரத்தில் 'போக்கியம்' என்று இருந்தால் கவனியுங்கள்

தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பையில் போட்டு எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதை முழுசாகப் படித்திருப்பதில்லை. ஊர்ப் பெயர் சரியா, சார் பதிவாளர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருந்தால் சொத்து நம்முடையதுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூலப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது என் தொழில். முத்திரை அநேகமாகச் சரியாகவே இருக்கும். சிக்கல் வருவது பத்திரத்தின் நடுவில் இருக்கும் நாலு வார்த்தைகளால்.

1950-களில் எழுதிய ஒரு பத்திரத்தில் வாசகம் இப்படிப் போகும்: 'மேற்படி நிலத்தை இன்றே தங்கள் சுவாதீனம் விட்டுவிட்டபடியால், வட்டிக்கு ஈடாகத் தாங்களே பயிரிட்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அசல் செலுத்தும் காலத்தில் நிலத்தைத் திருப்பி விட்டுவிட வேண்டியது.' இது கிரயம் இல்லை, போக்கியம். ஒத்தி என்றும் எழுதுவார்கள். கடன் கொடுத்தவர் வட்டி வாங்காமல் நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். நிலத்தின் உரிமை கடன் வாங்கியவரிடமே இருக்கும். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதை அடமானத்தில் ஒரு வகையாகத்தான் வைத்திருக்கிறது.

'அறுபது வருஷமா நாங்கதானே உழறோம், பட்டாவும் எங்க பேர்ல இருக்கே' என்பார்கள். பட்டா இருப்பதாலேயே போக்கியம் கிரயம் ஆகிவிடாது. இத்தனை வருஷம் கழித்து யார் மீட்க வருவார்கள் என்ற தைரியமும் வேண்டாம். சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்த வகை அடமானத்தில், எழுதிய தேதியிலிருந்து 30 வருடம் ஓடிவிட்டது என்பதை மட்டும் வைத்து மீட்கும் உரிமை போய்விடாது. அப்படியொரு நிலத்தை விற்கப் போனால், அடமானம் வைத்தவரின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அவர்களிடம் கிரயம் வாங்குவதுதான் நேர் வழி. சிரமம்தான், ஆனால் வாங்குகிறவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்காது.

இதே வார்த்தை இன்று நகரங்களில் வீட்டுக்கு வந்துவிட்டது. பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பதைப் போக்கியம், ஒத்தி, லீஸ் என்கிறோம். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மேல் போகும் போக்கிய அடமானத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்யாத தாளை நம்பி, உங்கள் பணத்துக்கு அந்த வீடு ஈடு என்று கோர்ட்டில் நிற்க முடியாது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கி அடமானம் இருந்தால் வங்கிதான் முன்னால் நிற்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

அடுத்தது 'ஜீவனாம்சம்'. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில், கணவரை இழந்த பெண்ணுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரவேண்டியது, விற்கவோ ஈடு வைக்கவோ பாத்தியதை இல்லை' என்று எழுதிவிடுவார்கள். அந்த வரியைக் காட்டியே எத்தனையோ பாட்டிமார்களின் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொண்டதைப் பார்க்கையில் மனசு ஆறுவதில்லை. 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு இதை மாற்றிவிட்டது. ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த சொத்தை அந்தச் சட்டம் வந்தபோது அந்தப் பெண் வைத்திருந்தால், பத்திரத்தில் தடை எழுதியிருந்தாலும் அவரே முழு உரிமையாளர். 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அவருக்கு முன்பே எந்த உரிமையும் இல்லாமல், ஒருவர் தம் விருப்பத்தில் உயிலோ தானமோ எழுதி ஆயுள்வரை மட்டும் என்று கொடுத்திருந்தால் கதை வேறு. அதனால் ஒதுக்கியதற்குக் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

மற்றவை கணக்குதான். பழைய வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும், அந்த எண்ணோடு 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருடம் வரும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. நாலணா பங்கு என்றால் கால் பங்கு, ஏனென்றால் ரூபாய்க்கு 16 அணா. 'நூற்றுக்கு மாதம் 12 அணா வட்டி' என்பது வருடத்துக்கு 9 சதவீதம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இதைக் காலில் பாதி என்று புரிந்துகொள்ளாமல் பாதியும் காலும் என்று கூட்டிப் பங்கு கேட்டுச் சண்டை போட்ட குடும்பங்கள் உண்டு.

பைமாஷ் எண் என்று இருந்தால் அது சர்வேக்கு முந்தைய எண். அதை அப்படியே இன்றைய சர்வே எண்ணாக எடுத்துக்கொண்டால் வேறொருவர் நிலத்தில் போய் நிற்பீர்கள். தாலுகா அலுவலகத்தில் இரண்டுக்கும் பொருந்தும் விவரத்தைக் கேட்டு வாங்கி, நான்கெல்லையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைத்தான் காட்டும். அதற்கு முந்தைய போக்கியம், ஈடு எதுவும் அதில் தெரியாது. சார் பதிவாளர் அலுவலகத்தில் மேனுவலாகத் தேடச் சொல்லி மனு கொடுங்கள், மனுவில் பழைய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.