வால்பேப்பர் மேல் பெயிண்ட்: கொப்புளம் எங்கிருந்து வருகிறது?

பழைய வால்பேப்பரைக் கிழிப்பது பெரிய வேலை. மேலேயே எமல்ஷன் அடித்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அடித்துக் கொஞ்ச நேரத்தில் சுவர் கொப்பளித்து நிற்கும்போது, பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரர் மேல்தான் கோபம் வரும். ஆனால் விஷயம் அடியில் இருக்கும் பசையில் இருக்கிறது.

வால்பேப்பர் பசைத்தூள் பெரும்பாலும் மாவுச்சத்து, அல்லது செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருளை மாற்றிச் செய்த மெத்தில் செல்லுலோஸ். மாவுச்சத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கும் கிழங்கு மில்லும் நம்ம மாவட்டத்தின் பிழைப்பு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால், சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் மாவுத்துகள்கள் உப்பி உடைந்து, உள்ளே சுருண்டிருந்த நீளமான மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. அவற்றின் மேல் வரிசையாக ஹைட்ராக்சில் குழுக்கள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள். காகிதத்தில் உள்ள செல்லுலோஸிலும் அதே குழுக்கள்தான். ஈரம் வற்ற வற்ற இரண்டும் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இங்கே முக்கியமானது ஒன்று. இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும் எபாக்சி பசை இறுகுவது வேதிவினையால்; இறுகிய பிறகு தண்ணீர் பட்டாலும் பழையபடி குழையாது. மாவுப் பசையோ வெறுமனே காய்ந்திருக்கிறது. தண்ணீர் திரும்ப வந்தால், அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே புகுந்து பிடியை விலக்கிவிடும். மழை பெய்த மறுநாள் சினிமா போஸ்டர் சுவரைவிட்டுத் தொங்குவதும் இதனால்தான். எமல்ஷனில் தண்ணீர் ஏற்கனவே நிறைய உண்டு. ரோலர் லேசாக ஓட வேண்டும் என்று பெயிண்டர் இன்னும் கொஞ்சம் கலப்பார். அவ்வளவும் முதல் கோட்டிலேயே காகிதத்துக்குள் இறங்கும்.

அடுத்த வேலையைக் காகிதமே செய்கிறது. செல்லுலோஸ் நார் நனைந்தால் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அதிகம் நீளாது. மெஷினில் தயாராகும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ரோல் ஓடும் திசையில் படுத்திருப்பதால், நனைந்த தாள் அகலத்தில் விரியும். சுவரில் பக்கத்துத் தாள் ஒட்டி நிற்கிறது, விரிய இடமில்லை. எனவே பசை இளகிய இடத்தில் தாள் மேலே எழும்புகிறது. காயும்போது தாள் திரும்பச் சுருங்குவதால் சின்னக் கொப்புளங்கள் பல தாமாகவே அமுங்கிவிடும். பதறிப்போய் உடனே குத்திக் கிழிக்க வேண்டாம். காய்ந்த பிறகும் நிற்கும் கொப்புளத்தில் பசை பிடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். பெயிண்ட் படலமும் காயும்போது சுருங்கி இழுக்கும். ஜாயின்ட் ஓரங்கள் தூக்கிக்கொள்வது அதனால்.

இதைத் தெரிந்துகொண்டால் வழியும் தெரியும். முதல் கோட்டில் தண்ணீர் இருக்கக் கூடாது. ஆயில் பிரைமரில் தண்ணீருக்குப் பதில் டர்பென்டைன் போன்ற கரைப்பான்தான்; அதில் மாவுச்சத்து கரையாது, காகிதமும் உப்பாது. அதனால் ஆயில் பிரைமரை அடித்து நன்றாகக் காயவிட்டு, ஜாயின்ட்டுகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பட்டி போட்ட இடத்தில் மறுபடி பிரைமர் தொட்டு, அதன் பிறகு எமல்ஷன். வினைல் வால்பேப்பர் என்றால் வேறு சிக்கல். அதன் மேல்பரப்பு பிவிசி; பெயிண்ட் ஊறிப் பிடிக்க வழியில்லை. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மம் மெல்ல மேலே கசிந்து பெயிண்டைப் பிசுபிசுப்பாக்கவும் கூடும். வினைலைக் கழற்றிவிடுவதே நல்லது.

ஊரும் கணக்கில் வரும். சேலம் டவுனில் ஓதம் இல்லாத உள்சுவர் என்றால் மேலே அடிப்பதில் பெரிய ஆபத்தில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். பனிமூட்ட நாளில் அறைக்காற்று 20 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அதைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த சுவரிலேயே நீர் படியத் தொடங்கும். அப்படி ஈரமேறிய சுவரில் ஆயில் பிரைமர் அடித்தால், அது அந்த ஈரத்தை வெளியே விடாமல் தாளுக்குப் பின்னால் அடைத்து வைக்கும். அங்கே மாவுச்சத்து இருக்கிறது, பூஞ்சைக்கு அது சாப்பாடு. சந்தேகமிருந்தால் ஒரு பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் தாளை எடுத்தே ஆக வேண்டும்.

எடுப்பதும் அதே தண்ணீரால்தான். தாளை ஆங்காங்கே கீறி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுரண்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். மெத்தில் செல்லுலோஸ் விசித்திரமானது. குளிர்ந்த நீரில் கரையும், நல்ல சூட்டில் கட்டியாக உறையும்.

தாள் போன பிறகும் பசை சுவரில் மிஞ்சும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் பின்னால் வெடித்து உரியும். மாவுப் பசையாக இருந்தால் டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். மாவுச்சத்தின் சுருளுக்குள் அயோடின் நுழைந்தால் கருநீலம் தெரியும். தெரிந்த இடத்தை ஸ்பாஞ்சால் மறுபடி கழுவுங்கள். மெத்தில் செல்லுலோஸ் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு ஈரக்கையால் தடவி, வழுவழுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.