கித்பா: நிச்சயமா, மணம் கேட்டலா?

தக்கலையிலோ குளச்சலிலோ திட்டுவிளையிலோ ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தால் காரியம் வேகமாக நகரும். தெரிந்தவர் ஒருவர் வந்து பேச்சை எடுப்பார். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமிமாரும் வந்து பார்ப்பார்கள். அப்புறம் 'பேசி முடிச்சாச்சு', 'நிச்சயம் ஆயாச்சு' என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் என்றால் இன்னும் அவசரம். நிக்காஹுக்கு, அதாவது திருமண ஒப்பந்தத்துக்கு, முந்திய இந்தக் கட்டத்துக்கு அரபியில் கித்பா என்று பெயர். பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், இந்தச் சொல்லைக் கேட்கிறோம்; தமிழில் 'நிச்சயதார்த்தம்' என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பொருள் தவறு. அதன் சுமை முழுவதும் பெண்பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

பேசுதல், முன்னின்று உரைத்தல் என்ற பொருளுள்ள மூன்றெழுத்து வேரிலிருந்து வந்த சொல் இது. ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நிகழ்த்தும் குத்பாவும், அதை நிகழ்த்தும் கத்தீபும் அதே வேர்தான். முதலெழுத்தில் உகரம் வந்தால் குத்பா, உரை. இகரம் வந்தால் கித்பா, மணம் வேண்டிப் பேசுவது. அந்த அரபு எழுத்துக்குச் சரியான தமிழ் எழுத்து இல்லாததால் சிலர் 'ஹித்பா' என்றும் எழுதுவார்கள். நிக்காஹ் சபையிலும் ஒரு குத்பா ஓதப்படுவதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. கித்பா அதற்கு வெகு முன்னால் நடப்பது.

குர்ஆனில் இந்தச் சொல் வரும் இடம் 2:235. கணவனை இழந்த பெண்ணின் இத்தா, அதாவது மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம், 4 மாதம் 10 நாள் என்று முந்தைய வசனம் சொல்கிறது. அந்தக் காலத்தில் அவளை மணக்கும் விருப்பத்தை ஒருவர் சாடையாகச் சொல்வது குற்றமில்லை, ஆனால் தவணை முடியும்வரை 'உக்தத்துன் நிகாஹ்', அதாவது மண முடிச்சை, உறுதி செய்யாதீர்கள் என்கிறது இந்த வசனம். ஒரே வசனத்துக்குள் கித்பா வேறு, முடிச்சு வேறு என்று தெளிவாக இருக்கிறது. 'நிச்சயம்' என்ற வடசொல்லுக்கோ ஐயமற்ற உறுதி என்று பொருள். இன்னும் பதில் வராத ஒரு கேள்விக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், வேண்டாம் என்று சொல்லும் பெண் வாக்கு மீறியவள் போலத் தெரிவாள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சங்க இலக்கியத்தில் 'வரைவு' என்ற சொல் இருக்கிறது. அயலார் பெண் கேட்டு வருவதை 'நொதுமலர் வரைவு' என்பார்கள். அப்போது தலைவியின் மனத்திலிருப்பதைத் தோழி வீட்டாருக்குத் தெரிவிப்பது 'அறத்தொடு நிற்றல்'. பெண்ணின் மனதை வீட்டுக்குத் தெரிவிப்பதையே அறம் என்று பெயரிட்ட மொழி நம்முடையது, எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் வரைவு என்பது திருமணத்தையும் குறிக்கும், இன்று பேச்சிலும் இல்லை. மலையாளத்தில் 'விவாகாலோசனை' என்பார்கள். ஆலோசனை என்பதில் யோசிக்க இடம் இருக்கிறது, நல்ல சொல்தான், ஆனால் கேட்பவர் யார் என்பது அதில் இல்லை.

நம் வழக்கிலுள்ள 'பெண் கேட்டல்' கித்பாவுக்கு மிக அருகில் வருகிறது. ஒரே ஒரு குறை, எப்போதும் ஆண் தரப்புதான் கேட்கும் என்று ஆகிவிடுகிறது. நபியின் முதல் மனைவியான கதீஜா நாயகி அவர்களோ தாமே ஆள் மூலம் நபி (ஸல்) அவர்களிடம் மண விருப்பத்தைத் தெரிவித்தார்கள். ஆகவே 'மணம் கேட்டல்' என்பதே பொருத்தம் என்பேன். யார் யாரிடம் கேட்டாலும் பொருந்தும்.

கேட்கப்பட்ட பெண் என்ன செய்யலாம் என்பதற்கு நபித்தோழியர் வாழ்க்கையிலேயே வழி இருக்கிறது. உம்மு ஸலமா அவர்களை மணம் கேட்டு வந்தது நபி (ஸல்) அவர்களிடமிருந்தே. அப்போதும் அவர் உடனே தலையாட்டவில்லை. எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், நான் ரோஷக்காரி என்று தம் தயக்கங்களைச் சொன்னார். அவற்றுக்குப் பதில் கிடைத்தது. ஃபாத்திமா பின்த் கைஸ் அவர்களை முஆவியாவும் அபூ ஜஹ்மும் மணம் கேட்டார்கள். அவர் நபியிடம் யோசனை கேட்டபோது, முஆவியா வசதி இல்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் (அடிக்கும் குணமுள்ளவர்) என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, நபித்தோழர் உஸாமாவை மணக்கும்படி கூறினார்கள். முதலில் அவருக்கு அதில் விருப்பமில்லை; பிறகு மணந்தார், நன்றாக வாழ்ந்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதும், கேட்டவரிடம் குறையை மறைக்காமல் சொல்வதும் புறம் பேசுவதாகாது என்று அறிஞர்கள் இந்த ஹதீஸிலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள். நம் ஊரில் மாப்பிள்ளையின் குடிப்பழக்கமோ கைநீட்டும் குணமோ தெரிந்திருந்தும் 'நமக்கு எதுக்கு' என்று வாயை மூடிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. கன்னிப் பெண்ணின் மௌனமே அவள் சம்மதம் என்ற ஹதீஸை எல்லோருக்கும் தெரியும். அது, 'அவள் வெட்கப்படுவாளே' என்று ஆயிஷா (ரலி) கேட்டதற்கு வந்த பதில். வெட்கத்தில் வரும் மௌனத்தைத்தான் அது சொல்கிறது. பயந்துபோய் அடுக்களையில் ஒடுங்கி நிற்கும் பிள்ளையின் மௌனம் அதில் சேராது. பருவமடைந்த பெண்ணின் சம்மதமின்றித் திருமணம் செல்லாது என்பது ஹனஃபி மத்ஹப், அதாவது ஹனஃபி சட்டப் பிரிவு. ஷாஃபி மத்ஹபில் கன்னிப் பெண் விஷயத்தில் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. அங்கும் அவளிடம் கேட்பது விரும்பத்தக்கது என்றே சொல்லப்பட்டிருக்கிறது. முன்பு மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் அவர்களை அவர் விருப்பமின்றித் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்து செய்தார்கள். 'மக்ளே, ஒனக்கு சம்மதமா?' என்று வாப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையைப் பார்க்கலாம், பேசலாம், தனிமையில் கூடாது. மணம் கேட்டிருக்கிறார் என்பதால் அவர் மஹ்ரம் (மணக்க விலக்கான நெருங்கிய உறவினர்) ஆகிவிடமாட்டார், இரவெல்லாம் ஃபோனில் பேச உரிமையும் வந்துவிடாது. இரண்டு ரக்அத் தொழுது, நல்லதைத் தேர்ந்து தரும்படி இறைவனிடம் வேண்டும் இஸ்திகாரா துஆ ஓதி முடிவெடுக்கலாம். கனவு வர வேண்டும் என்று ஹதீஸில் இல்லை. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் எவ்வளவு என்று கேட்பது அவள் உரிமை. கைக்கூலி, அதாவது வரதட்சணை, பேசும் வீட்டை அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் அவள் பக்கம்தான். ஒருவர் மணம் கேட்டு அது முடிவாகும் நிலையில் இருக்கும்போது, அவர் விலகும்வரை அல்லது அனுமதி தரும்வரை இன்னொருவர் குறுக்கே கேட்கக் கூடாது என்பது ஆண்களுக்கான கட்டுப்பாடு.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவரவில்லை என்றால்? 'நிச்சயம் முறிஞ்ச பொண்ணு' என்று ஊர் சொல்லும். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் வாய் திறக்காமல் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். மார்க்கச் சட்டத்தில் அங்கே முறிவதற்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. தலாக் தேவையில்லை, இத்தா இல்லை. மஹரில் முன்பணமாக ஏதாவது தந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வரனைப் பற்றி மறுநாளே பேசலாம்.